இன்-ஆ? ஆன்-ஆ? அட்-ஆ?

இந்த மாதம் ஆங்கிலப் பகுதிக்கு ப்ரிபொசிஷன் பற்றி எழுதச் சொன்னார்கள். கிராமர் புத்தகத்துப் பட்டியலை அப்படியே எழுதி ஒட்டினால் யாரும் நின்று படிக்க மாட்டீங்க. அதனால சித்தன்னவாசலுக்குப் போய்ப் படிப்போம், வாங்க.

தமிழில் நமக்கு வேலை சுலபம். குளத்தில் மீன், சுவரில் படம், பஸ் ஸ்டாண்டில் அண்ணன். எல்லாத்துக்கும் ஒரே 'இல்' போதும். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் மூன்று சொல்: இன் தி பாண்ட், ஆன் தி வால், அட் தி பஸ் ஸ்டாண்ட். உள்ளே அடங்கியிருந்தால் இன். ஒரு பரப்பை ஒட்டியிருந்தால் ஆன். உள்ளே வெளியே என்று பார்க்காமல் இடத்தை ஒரு புள்ளி போலச் சொன்னால் அட்.

இதில் ஆன்தான் நம்மைக் கவிழ்க்கும். சின்ன வகுப்பிலேயே 'ஆன் என்றால் மேலே' என்று மனப்பாடம் பண்ணிவிட்டோம். அது பாதிதான் சரி. சித்தன்னவாசல் அறிவர் கோவில் அர்த்த மண்டபத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். 9-ஆம் நூற்றாண்டு ஓவியம். தாமரைக் குளம், அதில் மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். இந்தக் குளம் கூரைக்கு மேலேயா இருக்கு? அடிப்பக்கத்தில்தானே! ஆனாலும் 'தி பாண்ட் இஸ் ஆன் தி சீலிங்' என்பதுதான் சரி. 'அண்டர் தி சீலிங்' என்று எழுதினால், அது கீழே நிற்கிற நம்மைக் குறிக்கும். மேலா கீழா என்பது ஆனுக்குக் கவலையில்லை. ஒட்டியிருக்கா, அதுதான் கேள்வி. உங்க வீட்டு உத்தரத்துப் பல்லிக்கும் இதே சட்டம்தான்.

அந்த ஒரு ஓவியத்திலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும். மீன் இன் தி பாண்ட். குளம் ஆன் தி சீலிங். கூரை அபவ் அஸ். நாம் அண்டர் தி சீலிங். நுழையும்போதே நின்றுவிட்ட நண்பன் அட் தி என்ட்ரன்ஸ்.

அதே மண்டபத்துச் சுவரில் மாடம் குடைந்து பார்சுவநாதர் சிலை இருக்கு. மாடம் சுவருக்குள்ளே போவதால் இன் தி வால். தூணில் வரைந்த நடன மங்கை ஆன் தி பில்லர். இவ்வளவு தூரம் போக பஸ் காசு இல்லையா? இந்தச் சுவரிதழையே பாருங்க. ஆணி இன் தி வால், அட்டை ஆன் தி வால், சாய்ந்துகொண்டு படிக்கிறவர் அகெய்ன்ஸ்ட் தி வால்!

அடுத்தது நம்ம ஊர் ஸ்பெஷல், 'பேக் சைட்'. 'மை ஹவுஸ் இஸ் டெம்பிள் பேக் சைட்' என்று தைரியமாகச் சொல்கிறோம். ஆங்கிலேயர் காதில் அது உட்காரும் இடத்தைக் குறிக்கும் சொல். பிஹைண்ட் தி டெம்பிள் என்றால் மானம் தப்பும்.

எதிரே என்பதிலும் கவனம் வேண்டும். நார்த்தாமலை விஜயாலய சோழீச்சுரம் மேற்குப் பார்த்தது. அதன் நந்தி இன் ஃப்ரன்ட் ஆஃப் தி டெம்பிள். அதையும் தாண்டி, பாறையில் குடைந்த குகைக் கோவில்கள் கிழக்கு நோக்கி, சோழீச்சுரத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. இப்படி முகத்துக்கு முகம் இருந்தால் ஆப்போசிட் தி டெம்பிள். நடுவில் 'டு' வேண்டாம்.

பத்தாம் வகுப்பு அண்ணன், அக்காக்களுக்கு ரோட் மேப் கேள்வி வரும். அங்கே மூலை என்ற சொல் மாட்டிவிடும். தெரு முனைக் கடை என்றால் அட் தி கார்னர். அறையின் மூலையில் நாற்காலி என்றால் இன் தி கார்னர். மார்க் போனால் அடுத்த பரீட்சையில் பிடிக்கலாம். ஆனால் வெளியூர்க்காரர் ஒருவர் நிஜமாகவே வழி கேட்கும்போது 'பிஹைண்ட்' என்பதற்கு 'பிசைட்' என்று சொன்னால், வெயிலில் கோவிலைச் சுற்றுவது அவர்தான், பாவம்.

இனி உங்கள் முறை. கோடிட்ட இடத்தை நிரப்புங்க: திருமயத்தில் கோவில்கள் ____ தி ஃபுட் ஆஃப் தி ஹில். பீரங்கி ____ தி ஹில். நம்ம மியூசியம் ____ திருக்கோகர்ணம். விடையைச் சீட்டில் எழுதி ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் கொடுங்கள். சரியான விடை அடுத்த மாத இதழில்.