எங்கிருந்து வந்தது?

செஞ்சி வாசகர்: பிரான்சில் இருக்கும் என் மச்சான் கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவுக்குச் சுற்றுலா போய் வந்தார். அங்கே 'கொலொம்போ' என்று ஆட்டுக்கறி வைத்தார்களாம். அசல் நம் வீட்டுக் கறிக்குழம்பு என்கிறார். அது இலங்கைச் சமையலா?

பேரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் உங்கள் மச்சானின் நாக்கை நம்பலாம். 'குழம்பு'தான் அங்கே போய் அப்படித் திரிந்தது என்பது பலரும் சொல்லும் விளக்கம். பேர் எப்படியானாலும், சமையலைக் கொண்டுபோனவர்கள் தமிழர்கள்.

1848இல் குவாதலூப் உள்ளிட்ட பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லை. பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளைப் பிடித்துக் கப்பலேற்றினார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் இன்னொரு கரீபியன் தீவான மார்த்தினிக்கிலும், 1854இல் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் குவாதலூப்பிலும் முதல் கூட்டத்தை இறக்கியது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, மாதக்கணக்கில் நீண்ட பயணம். அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர் போனார்கள். கல்கத்தா வழியாக வடநாட்டாரும் போனதுண்டு. ஆனால் அடுப்பங்கரையில் வென்றது தெற்குதான்.

கொலொம்போப் பொடியில் கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு, மிளகு இருக்கும். சிலர் அரிசியையும் வறுத்துப் போட்டு அரைப்பார்கள். குழம்பு கெட்டிப்பட அது போதும், தேங்காய் தேவையில்லை. அந்த மண்ணின் சேர்மானமும் உண்டு: பூண்டோடு தைம் என்கிற ஐரோப்பிய மூலிகை, உருண்டையாய் இருக்கும் அந்தப் பொல்லாத கரீபியன் மிளகாய். ஆட்டுக்கறி, கோழி, பன்றிக்கறி எல்லாவற்றிலும் செய்கிறார்கள். இன்று அது இந்திய வம்சாவளியாரின் சாப்பாடு மட்டுமில்லை. தீவு முழுதுக்கும் விருந்துச் சாப்பாடு.

மச்சான் மறுபடி போனால் ஓட்டலோடு நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அட்லாண்டிக்கைப் பார்த்த கிழக்குக் கரையில் காப்பெஸ்தேர் என்று ஓர் ஊர். பின்னால் சூஃப்ரியேர் எரிமலை, 1,467 மீட்டர் உயரம். அதன் சரிவில் கார்பே அருவிகள், கீழே வாழைத் தோட்டங்கள். அங்கேதான் ஷாஞ்சி மாரியம்மன் கோயில் இருக்கிறது. இந்திய வம்சாவளியாரின் ஓட்டுரிமைக்காக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வழக்காடி, 1923இல் வென்ற ஆன்றி சிதம்பரமும் அந்த ஊர்க்காரர்தான். அங்கே கிடா வெட்டிப் பூசை போட்ட பின் ஆக்குகிற கொலொம்போவை வாழையிலையில் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டல் தட்டில் அந்த ருசியை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மேல்மலையனூர் வாசகர்: கறி போனது சரி, கூத்து போனதா?

போனது. குவாதலூப்பில் அதற்கு 'நாத்ரோன்' என்று பேர், நம் நாடகம். விடிய விடிய ஆடுவார்களாம். தமிழ்ப் பேச்சு அங்கே பெரும்பாலும் அற்றுப்போனது. வீட்டில் பேசுவது கிரெயோல். ஆனாலும் பாட்டைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்து, பொருள் தெரியாவிட்டாலும் பாடிக் காப்பாற்றினார்கள். நம் பக்கம் எல்லா வசதியும் வைத்துக்கொண்டு எத்தனை கூத்தைத் தொலைத்தோம் என்று நினைத்தால் கொஞ்சம் உறுத்துகிறது. கோயிலில் தப்பு, மத்தளம், தாளம் மூன்றும் உண்டு. தப்புத் தோலை நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றுவதும் இங்கே போலவேதான்.

திண்டிவனம் வாசகர்: செஞ்சிக் கோட்டையைப் பதினோரு ஆண்டுகள் வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ஊருக்கு நம் சாப்பாட்டில் எதையும் கொண்டுபோகவில்லையா?

1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடித்தார், 1761இல் ஆங்கிலேயரிடம் போயிற்று. உங்கள் கணக்கு சரி. அந்தக் காலத்தில் பாண்டிச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக் கம்பெனிக் கப்பல்களின் தாய்த் துறைமுகம் லோரியான், பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியின் அட்லாண்டிக் கரையில் இருக்கிறது. 1666இல் கிழக்கத்திய வியாபாரத்துக்காகவே எழுந்த ஊர். அங்கே கோஸ் என்ற மருந்துக்கடைக்காரர் 19ஆம் நூற்றாண்டில் ஒரு மசாலாப் பொடி தயாரித்தார். 'கரி கோஸ்' என்று இன்றும் விற்கிறது, அதுவும் மருந்துக்கடைகளில்! சிங்கி இறால் சமைக்க அந்தக் கரையோரத்தார் விரும்பி வாங்குகிறார்கள். பொடி மோசமில்லை. ஆனால் துரைமார் டப்பாவில் கொண்டுபோனதையும் கூலிக்காரர் கைப்பக்குவத்தில் கொண்டுபோனதையும் வைத்து எது குழம்பு என்று கேட்டால், என் ஓட்டு குவாதலூப்புக்கு.

அனந்தபுரம் வாசகர்: சீத்தாப்பழம் சீதாதேவி காட்டில் சாப்பிட்டதா?

சாப்பிட்டிருக்க வழியில்லை. அது வெப்பமண்டல அமெரிக்காவின் மரம். ஐரோப்பியர் கப்பலேறிய பிறகு வந்தது. குவாதலூப்பிலும் காய்க்கிறது.

செஞ்சி வாசகர்: எங்கள் மல்லாட்டையாவது சொந்தச் சரக்கா?

கோபிக்காதீர்கள், அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. மணிலாக் கொட்டை என்று சொல்வதால் பிலிப்பைன்ஸ் சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. அது வழி, பிறப்பிடம் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னார்க்காட்டு நிலக்கடலை பாண்டிச்சேரி வழியாகப் பிரான்சிலுள்ள மார்சேய்க்கு மூட்டை மூட்டையாகப் போனது. எண்ணெயும் சோப்பும் செய்ய அவர்களுக்கு அது வேண்டியிருந்தது. மார்சேயில் அதற்குப் போட்டி, அட்லாண்டிக் கரையிலிருக்கும் செனகல் நாட்டுக் கடலை.

செனகலோடு உறவு அதற்கும் முந்தியது. பாண்டிச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி கப்பலேறி அங்கே போய்ப் பிசினுக்கு மாற்றாகக் கைமாறியது. செனகல் ஆற்றங்கரையில் அந்தத் துணிதான் பணம். பின்னால் அங்கிருந்தும் ஒன்று வந்தது. உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. 1 ரகக் கடலை, மேற்கு ஆப்பிரிக்காவின் 'சாலூம்' ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. சாலூம் என்பது செனகலில் அட்லாண்டிக்கில் கலக்கும் ஆறு.

செனகல்காரர்கள் கடலையை வெண்ணெயாக அரைத்து, தக்காளியும் கறியும் போட்டுக் கொதிக்கவிட்டுச் சோற்றில் ஊற்றிக்கொள்கிறார்கள். 'மாஃபே' என்று பேர். மல்லாட்டை விலை இறங்கும்போது செய்து பாருங்கள். புளி விட வேண்டாம்.