இதயத்துக்குத் துடிப்புக் கணக்கு எழுதி வைத்தது யார்?

நம்பிக்கை: ஒவ்வொரு இதயத்துக்கும் இத்தனை கோடித் துடிப்பு என்று கணக்கு உண்டு. ஓடியாடினால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

உண்மை: அப்படி ஒரு கணக்கே கிடையாது. ஜிம்மில் யாராவது மயங்கி விழுந்து இறந்த செய்தி வந்தால் போதும், மறுநாள் காலையில் இந்தக் கதை வாட்ஸ்அப்பில் மறுபடி சுற்றத் தொடங்கிவிடும். உடலியங்கியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. படித்தவர்களே தலையாட்டுகிறார்களே, ஒருவராவது பெருக்கிப் பார்த்தாரா?

நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் 1,03,680 முறை துடிக்கும். நெடுநாள் பயிற்சியால் ஒருவரின் ஓய்வுத் துடிப்பு 60-க்கு இறங்கியது என்று வையுங்கள். அவர் தினமும் ஒரு மணி நேரம் 130 துடிப்பில் ஓடினாலும் நாள் மொத்தம் 90,600தான். ஓடுகிறவருக்குத்தான் 13,080 துடிப்பு மிச்சம்! வாட்ஸ்அப் கதைப்படியே பார்த்தாலும் உட்கார்ந்திருப்பவர்தான் நஷ்டப்படுகிறார்.

ஓய்வுத் துடிப்பின் இந்த இறக்கம் மூலக்கூறு அளவிலேயே நடக்கிறது. துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவில் ஹெச்சிஎன்4 என்ற அயனித் தடம் இருக்கிறது. பயிற்சி பெற்ற எலிகளில் அதன் அளவே குறைந்துபோவதை 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது.

ரத்தக்குழாயில் நடப்பது இன்னும் அருமை. நடக்கும்போது வேகமெடுக்கும் ரத்தம் குழாயின் உட்சுவரை உரசுகிறது. அந்த உராய்வை எண்டோதீலியச் செல்கள் உணர்ந்ததும் ஏகேடி என்ற நொதி விழித்துக்கொண்டு, ஈநாஸ் என்ற இன்னொரு நொதியில் பாஸ்பேட்டை ஏற்றிவிடுகிறது. உடனே நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு உண்டாகிறது. சுவரின் தசை தளர்ந்து குழாய் விரிகிறது. இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்ததற்காகத்தான் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கிறோமே, அந்த மாத்திரையும் உடலுக்குள் இதே நைட்ரிக் ஆக்ஸைடாகத்தான் வேலை செய்கிறது.

ஆரோக்கியமானவர்களுக்கு மட்டும்தானே பயிற்சியின் இந்தப் பலன் என்று கேட்பவர்களுக்கு ஒரு சான்று. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பைபாஸ் அறுவைக்குக் காத்திருந்த இதய நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நான்கு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அறுவையின்போது எடுத்த மார்புத் தமனியைச் சோதித்தபோது, பயிற்சி செய்யாதவர்களைவிட ஈநாஸ் இரு மடங்கு, பாஸ்பேட் ஏறிய ஈநாஸ் நான்கு மடங்கு இருந்தது. 2003-ல் வெளியான முடிவு இது.

ஜிம்மில் இறந்தவரின் கதை வேறு. வெளியே தெரியாத அடைப்போ பிறவிக் கோளாறோ இருப்பவர், பழக்கமில்லாத கடும் உழைப்பில் திடீரென்று இறங்கினால் ஆபத்துதான். நெஞ்சில் அழுத்தம், மயக்கம், மூச்சிரைப்பு இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். பிறகு படிப்படியாகக் கூட்டுங்கள்.

நம்பிக்கை: பயிற்சி இதயத்தை வீங்கவைக்கும்.
உண்மை: ரத்தக் கொதிப்பில் தடிக்கும் இதயத்தில் கொலாஜன் படிந்து தசை விறைக்கிறது. பயிற்சியில் ஐஜிஎஃப்-1 வழியாக வளரும் தசையோடு நுண்குழாய்களும் சேர்ந்தே வளர்கின்றன.

நம்பிக்கை: வியர்த்தால் அடைப்பு கரையும்.
உண்மை: வியர்வையில் போவது நீரும் உப்பும். வியர்வையை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

நம்பிக்கை: படுத்து ஓய்வெடுத்தால் இதயம் தேறும்.
உண்மை: 1966-ல் டல்லஸில் 20 வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு கால் பங்குக்கும் மேல் சரிந்தது.

இளைஞர்களுக்கே மூன்று வாரத்தில் இந்தக் கதி என்றால், பத்தாம் வகுப்பு முழுக்கப் பிள்ளைகளை நாற்காலியில் கட்டிப்போடுகிறோமே, அதற்கு என்ன பெயர்? பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தூக்கிக் கொடுப்பதை நிறுத்துங்கள். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன்னால், வாரத்தில் எத்தனை பீரியட் பிள்ளையை மைதானத்தில் விட்டீர்கள் என்று கேளுங்கள்.