எல்லாரும் ஓடினால் ஆர்டர் ஓடுமா?

திருப்பூரில் டி-சர்ட் தைக்கும் ஒரு லைனை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க நான்கே வேலைகள்: தோள் மூட்ட 30 நொடி, கழுத்துப்பட்டி வைக்க 50, கை வைக்க 40, பக்கம் மூட்ட 40. ஒவ்வொன்றுக்கும் ஒரு மெஷின், ஒரு டெய்லர். இந்த லைனை அளப்பது பற்றி முதலாளிகளிடமும் சூப்பர்வைசர்களிடமும் ஊறிப்போன சில நம்பிக்கைகள் உண்டு. பணமும் அதில் கரைகிறது, தொழிலாளியின் உடம்பும் தேய்கிறது.

நம்பிக்கை: ஒவ்வொருவரும் வேகமாகத் தைத்தால் உற்பத்தி கூடும்.

உண்மை: கழுத்துப்பட்டிக்கு 50 நொடி என்றால் மணிக்கு 72 பீஸ். லைனிலிருந்து வெளியே வருவதும் அவ்வளவுதான். தோள் மூட்டுபவர் மணிக்கு 120 தைத்துக் காட்டினாலும், கூடுதலான 48 பீஸும் கழுத்துப்பட்டி மெஷின் முன்னால் குவியும். தேவைக்கு மேல் முன்கூட்டிச் செய்து குவிப்பதையே விரயங்களில் மிக மோசமானது என்றார் டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ. நெருக்கடி எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கே இழக்கும் நிமிடம் மொத்த லைனுக்கும் இழப்பு. மற்ற இடத்தில் மிச்சம் பிடித்த நிமிடத்தால் ஒரு பீஸ்கூட அதிகம் வராது. இஸ்ரேலிய இயற்பியலாளர் எலியாஹு கோல்ட்ராட் 1984இல் 'தி கோல்' நாவலை எழுதியது இதை ஆலைக்காரர்களுக்கு விளக்கத்தான்.

இதைச் செய்து காட்டிய இடம் மதுரையிலேயே இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் அறுவை மருத்துவரின் நேரம்தான் அரிது. ஆகவே அவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் அடுத்த நோயாளியைத் தயார் செய்துவிடுகிறார்கள். மருத்துவரின் கையை யாரும் விரட்டவில்லை. அவர் காத்திருக்கும் நேரத்தைத்தான் எடுத்துவிட்டார்கள்.

நம்பிக்கை: பீஸ் வெளியே வரத் தாமதமானால் டெய்லர் மெத்தனம்.

உண்மை: நம் லைனில் மெஷின்களுக்கு நடுவே 720 பீஸ் கிடக்கிறது, மணிக்கு 72 உள்ளே போய் 72 வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 720ஐ 72ஆல் வகுத்தால் 10. ஒரு பீஸ் உள்ளே போய் வெளியே வரச் சராசரியாகப் பத்து மணி நேரம். அதன் மேல் கை படுவதோ மொத்தம் 160 நொடி, மூன்று நிமிடம்கூட இல்லை! உள்ளே கிடக்கும் எண்ணிக்கை, வெளியேறும் வேகம், ஆகும் நேரம் மூன்றையும் கட்டும் இந்த விதிக்கு 1961இல் கணித நிரூபணம் தந்தவர் அமெரிக்கரான ஜான் லிட்டில். குவியலை 144ஆகக் குறைத்தால் நேரம் இரண்டு மணியாகிவிடும், உற்பத்தி அதே 72தான். ஊசி பழுதாகித் துணியில் ஓட்டை விழுந்தால் செக்கிங்கில் சீக்கிரம் தெரியும், நூற்றுக்கணக்கில் பீஸ் பாழாகாது. ஸ்டாப்வாட்சோடு டெய்லர் பின்னால் நிற்பவர்கள் அளப்பது அந்த 160 நொடியை. மீதி ஒன்பதே முக்கால் மணி நேரத்துக்கு மேல் துணி சும்மா கிடக்கிறது. அதற்கும் அந்த டெய்லரைத்தான் திட்டுகிறார்கள். இது அநியாயம்.

நம்பிக்கை: யாரும் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கக் கூடாது.

உண்மை: சாம்பிள் செக்‌ஷனைப் போல வேலை நேரங்கெட்டு வந்து விழும் இடத்தில் இந்த எண்ணம் மிக ஆபத்தானது. வருகையும் வேலை பிடிக்கும் நேரமும் சீரில்லாமல் மாறும் ஓர் இடத்துக்கு, வரிசைக் கோட்பாட்டின் எளிய சூத்திரம் சொல்வது இது: 80 சதவீத நேரம் வேலை இருந்தால் அங்கே சராசரியாக 4 வேலைகள் நிற்கும், 90 சதவீதத்தில் 9, 95இல் 19. 90இலிருந்து 95க்கு ஏற்ற ஐந்து சதவீத ஓய்வைப் பிடுங்கியதற்கு வரிசை இரண்டு மடங்குக்கு மேல் நீள்கிறது.

நம்பிக்கை: சராசரி தெரிந்தால் போதும்.

உண்மை: பத்து ஆர்டரில் ஒன்பது 8 நாளிலும் ஒன்று 48 நாளிலும் முடிந்தால் சராசரி 12. உண்மையில் எந்த ஆர்டரும் 12 நாளில் முடியவில்லை. அந்த 48 நாள் ஆர்டரைத்தான் கப்பலில் ஏற்ற முடியாமல், விமானக் கட்டணத்தைக் கைக்காசிலிருந்து கட்டி அனுப்ப வேண்டிவருகிறது. சராசரியோடு மிக மோசமான நாளையும் எழுதி வைப்பதே சரியான அளவு.

கம்பெனி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புது மெஷினுக்கோ விலை உயர்ந்த மென்பொருளுக்கோ பணம் கட்டுவதற்கு முன், நாளை காலை கட்டிங்கிலிருந்து கிளம்பும் ஒரே ஒரு பண்டலின் டிக்கெட்டில், அது ஒவ்வொரு மெஷினுக்கும் வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். பேக்கிங் முடிந்ததும் அந்தச் சீட்டை டெய்லர்களோடு உட்கார்ந்து படியுங்கள். எந்த மெஷினில் துணி தேங்குகிறது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.