கழல மறுக்கும் பிளக்

கேள்வி: தோட்டத்தில் ஓடும் பழைய பெட்ரோல் லேண்ட்ரோவர் பிக்கப். இரண்டு ஸ்பார்க் பிளக் அசையவே இல்லை. ஸ்பேனரில் குழாயை மாட்டி நெம்பலாமா?
- வாசகர், ரிங்லெட்

பதில்: வேண்டவே வேண்டாம். பிளக் முறிந்தால் அடித்துண்டு ஹெட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்புறம் பட்டறைச் செலவுதான். கேமரன் மலை ஈரத்தில் இரும்பு துருப்பிடிப்பது வழக்கம். முதலில் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் தள்ளுங்கள், உள்ளே விழுந்தால் சிலிண்டர் கெடும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் சற்றே தளர்த்தி, மீண்டும் இறுக்கி, இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மறுபடி தளர்த்துங்கள். கிறீச்சென்று சத்தம் வந்தால் நிறுத்திவிட்டுப் பின்னால் திருப்புங்கள். இதில் அவசரக்காரனுக்கு வேலையில்லை.

கழற்றிய பிளக்கின் முனையைப் பாருங்கள். வறண்ட கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. சமவெளிக்குச் சரிசெய்த கார்புரேட்டர், காற்று மெலிந்த மலையில் அப்படித்தான் செய்யும். அதைத் திருத்தாமல் பிளக்கை மட்டும் மாற்றினால் காசுதான் வீண்.

புதிய பிளக்கை விரலாலேயே மரையில் ஏற்றுங்கள்; ஸ்பேனர் கடைசி இறுக்கத்துக்கு மட்டும். வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள், வரிசை மாறாது. பக்கத்து வீட்டு டீசல் வண்டியில் இந்த வேலையே கிடையாது: அதில் ஸ்பார்க் பிளக்கே இல்லை.