ஓதிய தண்ணீரும் உப்புச் சர்க்கரை நீரும்

கைக்குழந்தைக்குப் பேதி கண்டால், பாலையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டு, தண்ணீர் ஓதி வாங்க ஆள் அனுப்புவோர் நம்மில் உண்டு. "ஷிபா அளிப்பவன் அல்லாஹ்; டாக்டர் என்ன செய்வார்?" என்றும் கூறுவர்.

ஷிபா அல்லாஹ்விடமிருந்தே வருகிறது, ஐயமில்லை. ஆனால், மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று நாட்டுப்புற அரபிகள் வினவியபோது, செய்துகொள்ளும்படியே நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். முதுமை ஒன்றைத் தவிர எல்லாப் பிணிக்கும் மருந்துண்டு என்றும் அறிவித்தார்கள். இது உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் ஹதீஸ். ஆகவே மருந்து தேடுவது தவக்குலுக்கு மாறானதன்று.

பேதியில் உயிரைப் பறிப்பது, உடலிலுள்ள நீரும் உப்பும் வற்றிப்போவதே. எனவே தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, உறையில் குறித்த அளவு காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். பொட்டலம் கிடைக்கும்வரை, ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். உப்பு மிகுந்தால் ஆபத்து. மீந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள். 1971-இல் வங்காள அகதி முகாம்களில் காலரா பரவியபோது பலரைக் காத்தது இத்தகைய நீர்தான்.

கண் குழிதல், அழுதும் கண்ணீர் வராமை, சிறுநீர் குறைதல், குடிக்க இயலாமல் சோர்ந்து கிடத்தல், மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதியாமல் டாக்டரிடம் செல்லுங்கள். 6 மாதம் நிறையாத குழந்தையானால் அடையாளங்களுக்காகக் காத்திராதீர்கள். டாக்டர் தரும் ஜிங்க் மருந்தை, பேதி நின்றபின்னும், அவர் சொன்ன நாள்வரை கொடுங்கள்.

ஓதியும் பாருங்கள், மருந்தும் கொடுங்கள். குழந்தை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணும் தவ்பீக்கை அவன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.