சமாதானம் பேச வந்தால் யோசித்து பதில் சொல்லுங்க



ஒரு குழு பாம்பன் கருவாட்டை பாக்கெட் போட்டு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட்டில் உள்ள பெயர், தாங்கள் பதிவு செய்த வணிகச் சின்னம் போலவே இருக்கிறது என்று ஒரு கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறது. "பெயரை மாற்றுங்கள். பழைய கவர் தீர 3 மாதம் தருகிறோம். நஷ்டஈடு வேண்டாம்" என்கிறது. "அவங்க யாரு நம்மள கேக்க?" என்று கிழித்துப் போடலாமா? கூடாது.

3 லட்ச ரூபாய்க்குக் குறையாத வணிக வழக்குகளுக்கு 2015-ம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டம் பொருந்தும். தோற்றவர் ஜெயித்தவரின் வழக்குச் செலவைக் கொடுப்பது பொது விதி. வக்கீல் ஃபீஸ், சாட்சி செலவு எல்லாம் அதில் சேரும். நியாயமான சமாதானத்தை வீணாக மறுத்தவர் யார் என்பதையும் நீதிபதி பார்ப்பார். அப்படி மறுத்தவர் ஜெயித்தாலும் செலவுப் பணம் கிடைக்காமல் போகலாம்.

நோட்டீஸ் வந்தால்:

1. வந்த தேதியைக் குறித்து பத்திரமாக வையுங்கள். கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.
2. ராமநாதபுரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு.
3. பயந்து கையெழுத்தும் போட வேண்டாம். கேட்பது நியாயமில்லை என்றால் மறுக்கலாம். காரணத்தை எழுத்தில் சொல்லுங்க.

குழுவில் பேசுங்கள்: கவர் அச்சடிக்கும் முன், அந்தப் பெயரை வேறு யாரும் பதிவு செய்திருக்கிறார்களா என்று பார்த்தோமா?