பசியாறாமல் போவதோடு முடிவதில்லை: மலைத் தோட்டக் குடும்பங்களுக்குப் பரிசோதனைக் குறிப்புகள்

கேமரன் மலையில் இருப்பவர்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை என்றால் ஒரு நாள் கூலி போகும். தோட்டத்துக்குள்ளிருந்து வண்டி பிடித்து ரிங்லெட்டுக்கோ தானா ராத்தாவுக்கோ வரவேண்டும். சில சோதனைகளுக்கு மலையிறங்கி ஈப்போ வரை போகவேண்டும். அவ்வளவு பாடுபட்டுப் போய், "நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்கள், இன்னொரு நாள் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பப்படுபவர்கள் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாத காலம் இது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் சீனி மிகுந்திருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. அதைவிடக் கவலை தருவது, அந்த 18.3இல் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் தங்களுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பதே தெரியாது என்பது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து இங்கே மூன்று, நான்கு தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். ஆய்வுக்கூடம் தன் பங்கைச் செய்யும். சோதனை சரியாக வருவதில் மீதிப் பங்கு நம் வீட்டில் இருக்கிறது.

1. வெறும் வயிற்றுச் சோதனை என்றால் முந்திய இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குறைந்தது எட்டு மணி நேரம் எதுவும் உண்ணக்கூடாது. பச்சைத் தண்ணீர் குடிக்கலாம், குடிப்பது நல்லதும்கூட; ரத்தக்குழாய் எளிதாகக் கிடைக்கும். தேநீர் கூடாது. சீனி போடாத தே ஓ கோசோங்கும் அன்று காலை வேண்டாம். டிரைகிளிசரைடு என்ற கொழுப்பைப் பார்ப்பதற்கு 12 மணி நேரம் வரை கேட்பார்கள். இப்போது கொலஸ்ட்ராலைச் சாப்பிட்ட பிறகே எடுக்கும் வழக்கமும் வந்துவிட்டது. சில மாதச் சீனிக் கணக்கைக் காட்டும் எச்பிஏ1சி சோதனைக்கோ பசியிருக்கவே தேவையில்லை. ஆகவே தேதி வாங்கும்போதே "பசியாறிவிட்டு வரலாமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாளில் "புவாசா" என்று எழுதியிருந்தால் வெறும் வயிற்றில் வரவேண்டும் என்று பொருள்.

2. இனிப்பு நீருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பசியோடு அதைப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டாம். மருந்தையும் சாப்பாட்டையும் கையோடு எடுத்துப் போய், ரத்தம் கொடுத்ததும் அங்கேயே சாப்பிடுங்கள். வழியில் கை நடுங்கி வியர்த்தால் சோதனையைப் பற்றிக் கவலைப்படாமல் உடனே சீனித் தண்ணீர் குடியுங்கள். சோதனையை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

3. முந்திய நாள் சரிவில் கொழுந்து வெட்டும் இயந்திரம் பிடித்திருந்தாலோ, மூட்டை சுமந்திருந்தாலோ செவிலியரிடம் சொல்லுங்கள். கடும் உழைப்புக்குப் பின் தசையிலிருந்து கசியும் நொதிகள் ரத்தத்தில் கூடும். அவற்றில் ஏஎஸ்டி என்பது ஈரல் சோதனைப் பட்டியலிலும் வரும். ஈரல் நன்றாக இருந்தும் எண் ஏறித் தெரியும். சிறுநீரில் புரதமும் கூடலாம். முடிந்தால் சோதனைக்கு முந்திய நாள் இலகுவான வேலை கேட்டு வாங்குங்கள்.

4. எல்லாத் தாளையும் ஒரே கோப்பில், தேதி வரிசையில் வையுங்கள். நான் சொல்லக்கூடியவற்றில் இதுதான் முதன்மையானது. தனியாக நிற்கும் ஓர் எண் அதிகம் பேசாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 105 என்றால் இவருக்கு எப்போதுமே அப்படித்தானா, போன ஆண்டு 75 ஆக இருந்து ஏறியதா என்பதில்தான் மருத்துவரின் முடிவே இருக்கிறது. இரண்டு எண்ணும் ஒரே ஆய்வுக்கூடத்தில் எடுத்தவையாக இருந்தால் ஒப்பிடுவது இன்னும் நம்பகமாகும். தாளின் ஓரத்தில் அன்றைய நிலையை ஒரு வரி எழுதுங்கள்: காய்ச்சல், மாதவிலக்கு, புதிய மருந்து, தைப்பூச விரதம், தீபாவளிக்கு மறுவாரம். சாப்பிடும் மாத்திரைகளோடு நாட்டு மருந்து, சத்து மாத்திரைப் பட்டியலும் அதே கோப்பில் இருக்கட்டும். முடி வளர்வதற்காக விற்கும் பயோட்டின் மாத்திரை தைராய்டுச் சோதனை போன்ற சிலவற்றைத் தவறாகக் காட்டக்கூடியது.

5. எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் கணக்கைச் சொல்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கும். அந்தக் காலம் முழுக்க ரத்தத்தில் மிதக்கும் சீனி அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும். அதனால்தான் சோதனைக்கு முந்திய வாரம் மட்டும் வாயைக் கட்டினால் காலை நேரச் சீனி இறங்கித் தெரியும், இந்த எண் இறங்காது. மலேசிய மருத்துவ வழிகாட்டுதலில் 6.3 விழுக்காடும் அதற்கு மேலும் இனிப்பு நீர், 5.7 முதல் 6.2 வரை எச்சரிக்கைப் பகுதி. இந்தியக் காணொளிகளில் 6.5 என்று கேட்டுவிட்டு "எனக்கு 6.4தான்" என்று நிம்மதியாக இருக்காதீர்கள். உடம்பில் தொந்தரவு ஏதும் இல்லாதவருக்கு ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு கட்டமாட்டார்கள், மறுபடியும் எடுப்பார்கள். அந்த இரண்டாவது தேதியைத் தவறவிடாதீர்கள்.

6. இதே எச்பிஏ1சியில் நம் பெண்கள் அறிந்திருக்கவேண்டிய ஒன்று உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால், சீனி கூடாமலேயே இந்த எண் ஏறித் தெரியலாம். தேநீர் உணவிலுள்ள இரும்பை உடம்பு ஏற்பதைத் தடுக்கும். தேயிலைத் தோட்ட வீடுகளில் சோற்றோடும் ரொட்டியோடும் தேநீர் குடிப்பது பழக்கம். அதைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்கவே வேண்டாம். நம் நாட்டில் தலசீமியா மரபும் பரவலாக உண்டு. அந்த மரபுக்கூறு உள்ளவர்களுக்கும், அண்மையில் ரத்தம் ஏற்றியவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் எச்பிஏ1சியை அப்படியே நம்ப முடியாது. "எனக்கு ரத்தசோகை இருக்கிறது, எண் சரியாக வருமா?" என்று நீங்களே கேளுங்கள். அப்போது வேறு சோதனை எழுதித் தருவார்கள்.

7. தமிழ்நாட்டு உறவினர் "எனக்குச் சுகர் 126" என்பார். நம் தாளில் 7.0 என்றிருக்கும். இரண்டும் ஒன்றே. இங்கே மில்லிமோல் கணக்கு, அங்கே மில்லிகிராம் கணக்கு. சீனிக்கு நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். கொலஸ்ட்ராலுக்குச் சுமார் 39ஆல் பெருக்கவேண்டும். வெறும் வயிற்றில் 7.0, மற்ற நேரத்தில் 11.1 என்ற எல்லைகளைச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

8. விரலில் குத்திப் பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால், பார்ப்பதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் கை கழுவித் துடையுங்கள். ஸ்ட்ராபெரி பறித்த விரலிலோ பழம் உரித்த விரலிலோ ஒட்டியிருக்கும் சாறே அளவை உயர்த்திக் காட்டிவிடும். பிரிஞ்சாங் குளிரில் விறைத்த விரலில் ரத்தமும் சரியாக வராது. பிதுக்காமல் கையைச் சூடாக்குங்கள். சோதனைப் பட்டைகளின் டப்பாவைத் திறந்து போட்டால் மலைக்காற்றின் ஈரத்தில் கெட்டுப்போகும்.

9. சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது வலிக்காது, கால் வீங்காது. முதலில் தெரிவது சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதம்தான். இனிப்பு நீர், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இதைப் பார்க்கவேண்டும். காலை முதல் சிறுநீரே சிறந்தது. தொடக்கத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். காய்ச்சல், நீர்க்கடுப்பு, மாதவிலக்கு நாட்களில் வேண்டாம். அல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் மில்லிமோலுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால், சில மாதங்களுக்குள் மறுபடி எடுத்து உறுதி செய்வார்கள். இந்தக் கட்டத்தில் பிடித்தால் மருந்தால் தள்ளிப்போட முடிகிறது. டயாலிசிஸ் கட்டத்தில், வாரம் மூன்று முறை இந்த மலைப்பாதையில் அலைவதை எண்ணிப் பாருங்கள்.

10. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை அரசாங்கக் கிளினிக்குகளில் 50 முதல் 75 வயதுக்காரர்களுக்குச் செய்கிறார்கள். பெருங்குடல் புற்றுநோய் மலேசியாவில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருக்கிறது. கூச்சத்தால் இதைத் தட்டிக்கழிக்கிறார்கள், அதிலும் ஆண்கள். கிளினிக்கில் தரும் சின்னக் குழாயின் குச்சியால் தொட்டு எடுப்பதுதான் வேலை. இப்போதைய சோதனை மனித ரத்தத்தை மட்டுமே பிடிக்கும் என்பதால் இறைச்சியை நிறுத்தத் தேவையில்லை. கழிவறைத் தண்ணீர் படாமல் தாளை விரித்து அதிலிருந்து எடுங்கள். மாதவிலக்கு நாளிலும் மூலத்தில் ரத்தம் வடியும் நாளிலும் எடுக்காதீர்கள். எடுத்ததை அலமாரியில் மறந்து வைக்காமல், கிளினிக்கில் சொன்ன நேரத்துக்குள் ஒப்படையுங்கள்.

ரத்தம் இருப்பதாக முடிவு வந்தால் அது புற்றுநோய் என்று ஆகிவிடாது. ஆனால் அடுத்து, பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்தே ஆகவேண்டும். "அது மூலமாகத்தான் இருக்கும்" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதுவதுதான் நம்மிடையே பல உயிர்களைக் கொண்டுபோகிறது என்று நான் நம்புகிறேன். குடலில் புற்றாக மாறக்கூடிய சதை முளைத்திருந்தால் அந்தச் சோதனையின்போதே வெட்டி எடுத்துவிடுவார்கள்; அதோடு ஆபத்து பெருமளவு குறையும். அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் 50 வயது வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தம் கண்ணுக்கே தெரிந்தால், காரணமின்றி எடை குறைந்தால், மலம் கழிக்கும் பழக்கம் மாறினால் மலச் சோதனைக்குக் காத்திராமல் நேரே மருத்துவரிடம் போகவேண்டும்.

11. வயிற்றெரிச்சலுக்கு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்கள் எலிக்கோபேக்டர் பைலோரி கிருமிக்குச் சோதித்துக்கொள்ளலாம். வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் இந்தக் கிருமி என்று காட்டியதற்காக பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. மலேசியாவில் நடந்த ஆய்வுகளில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் இது அதிகம் காணப்பட்டது. மூச்சிலோ மலத்திலோ கண்டுபிடிக்கலாம். ஓமெப்ரசோல் போன்ற மாத்திரையை இரண்டு வாரமும், ஆன்டிபயாட்டிக்கை நான்கு வாரமும் முன்கூட்டி நிறுத்தாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரக்கூடும். மருத்துவரைக் கேட்டே நிறுத்துங்கள். சிகிச்சைக்குப் பிறகு கிருமி போய்விட்டதா என்று மறுபடி பார்ப்பதும் கட்டாயம்.

12. நீண்ட நாள் வயிற்றுப்போக்குக்கு மலத்தில் கால்புரொடெக்டின் பார்ப்பார்கள். குடலில் அழற்சி உண்டா, இல்லையா என்று பிரிக்க அது உதவும். மூட்டுவலிக்குச் சாப்பிடும் மாத்திரைகள் அதை உயர்த்திவிடும் என்பதால் அவற்றைச் சொல்லிவிடுங்கள்.

13. "ஒரு துளி ரத்தத்தில் எல்லாப் புற்றுநோயும் தெரியும்" என்று தொகுப்பாக விற்கும் சோதனைகளுக்குப் பணம் கட்டும் முன் நின்று யோசியுங்கள். இப்படிப்பட்ட சோதனைகளில் பார்க்கும் சிஇஏ என்ற புரதத்தை 1965இல் மாண்ட்ரியலில் பில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் கண்டறிந்தார்கள். குடல் புற்றுநோய்க்கு அறுவை முடிந்தவருக்கு நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க அது உண்மையாகவே பயன்படுகிறது. தொந்தரவு ஏதுமில்லாதவரிடம் நோயைத் தேட அது உதவாது. சிகரெட் பிடிப்பவருக்கு நோயில்லாமலே ஏறும். தொடக்க நிலைப் புற்றில் ஏறாமலும் இருக்கும். சூலகப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சிஏ125 மாதவிலக்கிலும் கருப்பை உள்வரிச் சதைக் கோளாறிலும் கூடும். இப்படி வந்த ஓர் எண்ணுக்காகத் தூக்கமிழந்து ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்துக் கடனாளியான குடும்பங்கள் உண்டு. எண் நன்றாக வந்ததென்று மார்பில் தட்டுப்படும் கட்டியைக் காட்டாமல் விடுவது அதைவிடக் கொடுமை. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களோ, சிஇஏ போன்ற எண்ணை ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வுக்கூடத்தில் எடுத்து அதன் போக்கைப் பாருங்கள்.

14. பிஎஸ்ஏ ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்கான சோதனை. நீர்க்கடுப்பு இருந்தாலும், சுரப்பி வயதால் பருத்திருந்தாலும் கூடும். நீர்க்கடுப்பு குணமாகிச் சில வாரம் கழித்தே எடுங்கள்.

15. மலேசியாவில் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 1989இல் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தக் கிருமி உடலில் உண்டா என்று பார்த்துக்கொள்வது நல்லது. இருந்தால், ஈரல் சுருங்கியவர்களுக்கும் மருத்துவர் சொல்லும் மற்றவர்களுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேனோடு சேர்த்து ஏஎஃப்பி என்ற ரத்தச் சோதனையும் எடுப்பார்கள். மது பழக்கமுள்ளவர்கள் அளவைக் குறைத்துச் சொல்லவேண்டாம். ஜிஜிடி என்ற ஈரல் நொதி, டிரைகிளிசரைடு ஆகியவற்றின் எண்களை அதை வைத்துத்தான் மருத்துவர் படிக்கமுடியும், கண்டிப்பதற்காகக் கேட்பதில்லை.

16. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எச்பிவி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை வந்துவிட்டது. மாதிரியைப் பெண்கள் திரைக்குப் பின்னால் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். மெல்லிய பஞ்சுக்குச்சிதான், யாரும் பார்க்கவேண்டியதில்லை. 2018இல் மலாயா பல்கலைக்கழகம் தொடங்கிய ரோஸ் திட்டம் இந்த முறையை இங்கே பரப்பியது. 30 வயதைத் தாண்டிய பெண்கள், பேப் ஸ்மியருக்குக் கூச்சப்பட்டு இத்தனை ஆண்டு போகாத அம்மாக்கள், அத்தைகள், கிளினிக்கில் இதைக் கேளுங்கள். முடிவு வரும் கைப்பேசி எண்ணை உங்கள் சொந்த எண்ணாகவே கொடுங்கள். கிருமி இருப்பதாக வந்தாலும் அது புற்றுநோய் ஆகாது, கணவரைச் சந்தேகிக்கவும் காரணமாகாது. பல ஆண்டுகளுக்கு முன் தொற்றியதாகக்கூட இருக்கலாம்.

17. செலவு பற்றி: 40 வயது நிரம்பி, அரசாங்க உதவித்தொகை பெறுபவர்களுக்கும் அவர்களுடைய கணவன் அல்லது மனைவிக்கும் பெக்கா பி40 திட்டத்தில் ரத்தம், சிறுநீர் உள்ளிட்ட சோதனை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் கிளினிக்குகளிலும் செய்துகொள்ளலாம். புற்றுநோய் சிகிச்சையை முடிப்பவர்களுக்கு ஊக்கத்தொகையும், போக்குவரத்து உதவியும் அதில் உண்டு. ஈப்போவுக்கு இறங்கி ஏறும் குடும்பத்துக்கு இது பெரிய தொகை. தகுதி உண்டா என்று அறிய அடையாள அட்டை போதும். வீட்டுப் பிள்ளைகளே கைப்பேசியில் பார்த்துச் சொல்லிவிடலாம். பாட்டி தாத்தா இருவர் எண்ணையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.